ரேடியோ வாங்கப் போறீங்களா? முதல்ல கேபிளைப் பாருங்க

போன வாரம் எங்கள் வங்கியின் இன்னொரு கிளையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். தென்காசிப் பக்கத்துப் பையன். நாக்பூரில் தமிழ் பேச ஆள் கிடைப்பதே அபூர்வம். அதிலும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய தமிழ் ஆள் என்றால் கேட்கவே வேண்டாம், லஞ்ச் டைம் முழுக்கப் பேசித் தீர்த்தோம். (கவுன்ட்டரில் க்யூ நின்றதா என்று கேட்காதீர்கள். நான் இப்போது கவுன்ட்டரில் இல்லை.)

அவர் கேட்டது ஒரே கேள்வி. "சார், 25 வாட்ஸ் ரேடியோ வாங்கட்டுமா, 50 வாட்ஸா? 50 வாட்ஸுக்கு இன்னும் ஏழாயிரம் ஆகும்."

நான் திருப்பிக் கேட்டேன். "ஆண்டெனா எங்கே, ரேடியோ எங்கே? நடுவுல எத்தனை மீட்டர் கேபிள்?"

"மொட்டை மாடியில ஆண்டெனா சார். நான் ரெண்டாவது மாடி. கேபிள் ஏதாவது வாங்கிக்கலாம், கடையில கிடைக்கிறது."

இந்த 'ஏதாவது வாங்கிக்கலாம்' என்ற வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017-ல் எனக்கு புவனேஸ்வருக்கு மாற்றல். கையில் வந்த அரியர்ஸில் ஒரு பகுதியைத் தங்கமணிக்குத் தெரிந்தே ஒதுக்கி, 50 வாட்ஸ் விஹெச்எஃப் ரேடியோ ஒன்று வாங்கினேன். நல்ல ஃபைபர் ஆண்டெனா ஒன்று. பவர் சப்ளை. ஒரு எஸ்டபிள்யூஆர் மீட்டர். எல்லாம் வாங்கி முடித்ததும் பையில் மிச்சம் இருந்தது ஆயிரத்துச் சொச்சம். அந்த மிச்சத்துக்கு 28 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் வாங்கினேன். சுண்டுவிரலைவிட மெல்லியது, 5 மில்லிமீட்டர், கருப்பு, வளைக்க சுலபம், ஜன்னல் இடுக்கில் சமர்த்தாகப் போகும். மாடியிலிருந்து முதல் தளத்தில் என் படுக்கையறை வரை இழுத்தாயிற்று. மீட்டர் 1.3 காட்டியது. ஒன்றுக்கு எவ்வளவு பக்கத்திலோ அவ்வளவு நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஊருக்குள் இருக்கும் நண்பர்களோடு பேசினேன், ரிப்பீட்டர் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை அரட்டை நடந்தது.

2019 மே 3 காலை ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தது. ஆண்டெனாவை முந்தின நாளே இறக்கி வைத்திருந்தேன். புயல் போன பிறகு புவனேஸ்வரில் கரண்ட் இல்லை, செல்போன் இல்லை, ஏடிஎம் இல்லை. எங்கள் கிளையில் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி மேனேஜரே கேனோடு அலைந்தார். நான்காம் தேதி சாயங்காலம் ஆண்டெனாவைத் திரும்ப ஏற்றி, கார் பேட்டரியில் ரேடியோவை ஓட விட்டேன். ஹாம் நண்பர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். இந்த மாதிரி நேரத்துக்குத்தானே இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு மரியாதை. 2004 சுனாமியின்போது அந்தமானில் பாரதி பிரசாத் குழுவினர் செய்த வேலையைப் பற்றி ஹாம் வட்டாரத்தில் கேட்காதவர் கிடையாது.

ஐந்தாம் தேதி மதியம் ஒரு குரல் வந்தது. சாக்ஷிகோபால் பக்கத்திலிருந்து ஒரு ஹாம், 5 வாட்ஸ் கையடக்க ரேடியோ, கார் கூரையில் ஒரு குட்டி ஆண்டெனா. புவனேஸ்வரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அவருக்கு நான் தெளிவாகக் கேட்கிறேன். எனக்கு அவர் கேட்பது ஒரே கரகரப்பு. ஒரு குடும்பம் பத்திரமாக இருக்கிறது, கட்டக்கில் இருக்கும் மகனுக்குத் தகவல் சொல்ல வேண்டும், இதுதான் செய்தி. பெயர் புரிந்தது. போன் நம்பர்? பத்து இலக்கத்தில் ஏழு இலக்கம் கிடைத்தது. திரும்பச் சொல்லச் சொன்னேன். அடுத்த முறை வேறு ஏழு கிடைத்தது, முன்னால் எழுதியதில் ஒன்று தப்பு என்று தெரிந்தது. நான்கு முறை கேட்டேன். ஐந்தாவது முறை அவரிடமிருந்து பதில் இல்லை. பேட்டரி போயிருக்கும்.

இருபது வருஷமாக அக்கவுன்ட் நம்பரோடு குடும்பம் நடத்துபவன் நான். ஒரு இலக்கம் தப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தக் காகிதத்தை ரொம்ப நாள் வைத்திருந்தேன். எண்கள் அரைகுறை, நடுவில் மூன்று கேள்விக்குறி. சில நாட்களில் செல்போன் வந்தது, அவர்களே பேசியிருப்பார்கள். பேசியிருக்கத்தான் வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் நண்பர் ஒருவரிடம் டம்மி லோடும் வாட் மீட்டரும் இரவல் வாங்கிவந்து, என் கேபிளின் மேல்முனையில் மாட்டி அளந்து பார்த்தேன். கீழே 50 வாட்ஸ் போகிறது. மேலே வந்து சேர்ந்தது 9 வாட்ஸ்!

மீதி 41 வாட்ஸ் எங்கே போனது? கேபிளைச் சூடாக்கப் போனது. இரண்டு வருஷமாக நான் புவனேஸ்வர் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் சூடு சேர்த்துக்கொண்டிருந்தேன் :-)

இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். டெசிபல் என்றதும் பயப்பட வேண்டாம். பி.காம் படித்த எனக்கே புரிகிறது. பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் தேய்மானம் படித்திருப்பீர்களே, நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று. கேபிள் இழப்பு என்பது அச்சு அசலாகக் குறைந்து செல் மதிப்பு முறைதான். ஒவ்வொரு மீட்டரும், தன்னிடம் வந்ததில் இத்தனை சதவீதம் என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த மீட்டரிடம் தருகிறது. ஆர்ஜி-58, 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும். அதாவது மீட்டருக்கு நாலரை சதவீதம். கேட்க அற்பமாக இருக்கிறதா? 28 மீட்டர் போட்டுப் பாருங்கள், 5.6 டெசிபல். 50 வாட்ஸில் 14 வாட்ஸ்கூட முழுசாக மேலே போகாது. இது புத்தம்புது கேபிளுக்கு. என்னுடையதில் மேலே கனெக்டர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, செம்புப் பின்னல் பச்சை பூத்திருந்தது. அதனால்தான் 9.

அதே 28 மீட்டருக்கு ஆர்ஜி-213 போட்டிருந்தால் சுமார் இரண்டரை டெசிபல், 28 வாட்ஸ் மேலே போயிருக்கும். எல்எம்ஆர்-400 வகை என்றால் 1.4 டெசிபல், 36 வாட்ஸ். செல்போன் டவர்களில் போடும் அரை அங்குல ஃபீடர் என்றால் முக்கால் டெசிபல்தான், 42 வாட்ஸ். ஆக, 25 வாட்ஸ் ரேடியோவை நல்ல கேபிளில் ஓட்டுபவன், 50 வாட்ஸ் ரேடியோவை என்னைப்போல் ஓட்டியவனைவிட ஓங்கிப் பேசுகிறான். அந்த ஏழாயிரத்தை எங்கே போட வேண்டும் என்று தம்பிக்கு இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் வாட்ஸ் கணக்கு பாதிதான். என் வயிற்றெரிச்சல் மீதிப் பாதியில் இருக்கிறது. போகும்போது தின்னும் கேபிள் வரும்போதும் அதே விகிதத்தில் தின்னும். போவதைச் சரிக்கட்ட பெரிய ரேடியோ வாங்கலாம். வருவதை எதை வைத்துச் சரிக்கட்டுவது? சாக்ஷிகோபால்காரரின் குரல் என் மொட்டை மாடிவரை ஒழுங்காக வந்திருக்கும். அங்கிருந்து என் படுக்கையறைக்கு வருவதற்குள் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்தத் தெரிந்த, காது மந்தமான ஆளாக நான் இருந்திருக்கிறேன்.

இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். "சார், எஸ் மீட்டரில் ஒரு யூனிட் என்பதே 6 டெசிபல். இந்த 5, 6 டெசிபலுக்கா இவ்வளவு அலட்டல்?" என்பார்கள். பலமான சிக்னலுக்கு அவர்கள் சொல்வது சரி. ரிப்பீட்டரில் ஞாயிறு அரட்டை அடிக்க எந்தக் கேபிளும் போதும். அதனால்தான் இரண்டு வருஷம் எனக்குத் தெரியவே இல்லை. ஆனால் எஃப்எம்மில் ஒரு விளிம்பு இருக்கிறது. அதற்கு மேலே சிக்னல் இருந்தால் குரல் தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே கொஞ்சம் இறங்கினால் படிப்படியாக மங்காது, சட்டென்று இரைச்சலில் மூழ்கிவிடும். அந்த விளிம்பில் 6 டெசிபல் என்பது பத்து இலக்கத்துக்கும் ஏழு இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்.

ஹெச்எஃப்பில் கதை நேர் எதிர். ஏழு மெகாஹெர்ட்ஸ், அதாவது நாற்பது மீட்டர் பேண்டில், அதே ஆர்ஜி-58 அதே 28 மீட்டருக்குத் தின்பது சுமார் ஒரு டெசிபல்தான். அங்கே இரைச்சல் வெளியிலிருந்தே வருகிறது. வானத்து இடி, பக்கத்து வீட்டு எல்இடி பல்பு, மாடி சோலார் இன்வர்ட்டர், எல்லாம் ஆண்டெனா வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. கேபிள் சிக்னலைக் குறைத்தால் இரைச்சலையும் அதே அளவு குறைக்கும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. விஹெச்எஃப்பில் அப்படி இல்லை. அங்கே ரேடியோவுக்குள்ளேயே பிறக்கும் இரைச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு, அதைக் கேபிள் குறைக்காது, சிக்னலை மட்டும்தான் குறைக்கும். ஆகவே நாற்பது மீட்டர் டைபோலுக்கு மட்டும் ஆசைப்படுபவர் எல்எம்ஆர்-400 வாங்கி வீட்டில் அர்ச்சனை வாங்க வேண்டாம். பெரிய பேண்டுக்குப் பெரிய கேபிள் என்று விற்கிற கடைக்காரர் பேச்சை நம்பவும் வேண்டாம். (ஹெச்எஃப்பில் தடித்த கேபிள் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லும் சீனியர்கள் இரண்டு பேர் எனக்கு நல்ல நண்பர்கள். இதைப் படித்தபின் எப்படியோ தெரியாது.)

ஒரு விதிவிலக்கு. நாற்பது மீட்டர் டைபோல் ஒன்றைக் கட்டிவிட்டு, ட்யூனர் வைத்து இருபது மீட்டரிலும் பேசுவேன் என்றால் கதை மாறும். அங்கே ஆண்டெனாவும் கேபிளும் ஒத்துப்போகாது, பவர் கேபிளுக்குள் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கேபிள் தன் பங்கை எடுக்கும். ட்யூனர் ரேடியோவைச் சமாதானப்படுத்துமே தவிர கேபிளின் பசியைத் தீர்க்காது. புவனேஸ்வரில் தனிவீட்டுக்காரர் ஒருவர் இதற்கு அழகான வழி வைத்திருந்தார். இரண்டு செம்புக் கம்பி, நடுவில் அடிக்கொரு பிவிசி குழாய்த் துண்டு, ஏணி மாதிரி. அந்தக் காலத்து ஓப்பன் வயர் லைன். அவர் கம்பியில் எஸ்டபிள்யூஆர் பத்துக்கு மேலே இருக்கும், ஆனாலும் இழப்பு அற்பம். எண்பது மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை ஒரே ஆண்டெனாவில் ஓட்டுகிறார். செலவு என் ஒரு கனெக்டர் விலைகூட இல்லை. பிளாட்டில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை, இரும்பு கிரில்லையும் கான்கிரீட்டையும் ஒட்டிப் போனால் அது கெட்டுப்போகும்.

இதை வைத்தே என் 1.3 பெருமைக்கு வருகிறேன். எஸ்டபிள்யூஆர் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டினால் எல்லாம் சரி என்று நினைப்பது, டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகிவிட்டது, அதனால் மோசடியே இல்லை என்று நினைப்பது மாதிரி. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆன எத்தனையோ கிளைகளில் ஆடிட்டர் வந்து போர்வையைத் தூக்கியிருக்கிறார்.

அன்றைக்கு ஒரு விளையாட்டு செய்து பார்த்தேன். மாடியில் ஆண்டெனாவையே கழற்றிவிட்டு, கேபிள் முனையை அந்தரத்தில் தொங்கவிட்டு, குறைந்த பவரில் ஒரு விநாடி மட்டும் அழுத்தினேன். மீட்டர் என்ன சொல்ல வேண்டும்? முடிவிலி சொல்ல வேண்டும். அது ஒன்றரைக்கும் கீழே காட்டியது. ஆண்டெனாவே இல்லாமல்!

கணக்கு எளிது. கீழே நூறு ரூபாய் போடுகிறேன். மேலே போய்ச் சேருவது 18 ரூபாய். அங்கே வாங்க ஆள் இல்லை, 18-ம் அப்படியே திரும்புகிறது. வரும் வழியில் கேபிள் மறுபடி கமிஷன் எடுத்து, என் மீட்டருக்கு வந்து சேருவது 3 ரூபாய் 24 பைசா. மீட்டர் பாவம், நூறு போனது மூன்று திரும்பியது, 97 ரூபாய் ஆண்டெனாவில் போணியாகிவிட்டது என்று எழுதிக்கொள்கிறது. கேபிள் எவ்வளவு மோசமோ மீட்டர் அவ்வளவு அழகாகக் காட்டும். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறையாவது மேல்முனையில் போய் அளங்கள். கீழே உட்கார்ந்து மீட்டரை மெச்சிக்கொண்டிருந்தது நான் செய்த தப்பு.

சரி, எதைத்தான் வாங்குவது? என் கட்சி இதுதான். முதலில் நீளத்தைக் குறையுங்கள். ரேடியோவை மாடிப்படி முகப்பு அறைக்கு நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். விற்பனையில் இருக்கும் எந்தக் கேபிளைவிடவும், வாங்காமல் விட்ட பத்து மீட்டர் கேபிளுக்கு இழப்பு குறைவு. அரை அலைநீளக் கணக்கில்தான் வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு, தேவையான நீளத்தில் வெட்டுங்கள்.

விஹெச்எஃப்புக்குப் பதினைந்து மீட்டருக்குள் என்றால் நல்ல ஆர்ஜி-213 போதும். 'நல்ல' என்பதை அழுத்திப் படிக்கவும். மேலே ஆர்ஜி-213 என்று அச்சடித்திருப்பதெல்லாம் ஆர்ஜி-213 ஆகிவிடாது. கடையிலேயே ஒரு சாண் தோலை உரிக்கச் சொல்லுங்கள். செம்புப் பின்னல் நெருக்கமாக இருந்து உள்ளே வெள்ளைப் பாலித்தீன் தெரியவில்லையென்றால் வாங்கலாம். மீன் வலை மாதிரி இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அதற்கு மேல் நீளம் என்றாலோ, 435 மெகாஹெர்ட்ஸ் ஆசை இருந்தாலோ எல்எம்ஆர்-400 வகைக்குப் போய்விடுவது நல்லது. அந்த அலைவரிசையில் என் பழைய 28 மீட்டர் ஆர்ஜி-58 சுமார் 10 டெசிபல் தின்னும், வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் ரேடியோவுக்கு. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் 437.8 மெகாஹெர்ட்ஸில் இறங்குகிறது. நானூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து கஷ்டப்பட்டு வருவதைக் கடைசி 28 மீட்டரில் பறிகொடுப்பது எவ்வளவு அநியாயம்! சிலர் ரேடியோவுக்குப் பக்கத்தில் ப்ரீஆம்ப் வைத்து இதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். பயனில்லை, அது ஆண்டெனாவின் காலடியில் இருக்க வேண்டும். தொலைந்த பிறகு பெருக்க என்ன இருக்கிறது?

பட்ஜெட் இடிக்கிறது என்றால் டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6-ஐ ஒதுக்காதீர்கள். 145-ல் அதன் இழப்பு கிட்டத்தட்ட ஆர்ஜி-213 அளவுதான், விலையோ பல மடங்கு குறைவு. 75 ஓம்ஸ் ஆயிற்றே என்று மூக்கைச் சுளிப்பார்கள். அதனால் வரும் எஸ்டபிள்யூஆர் ஒன்றரைதான், தூக்கம் கெட வேண்டியதில்லை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பின்னல் அலுமினியம், சால்டர் ஒட்டாது. நடுக்கம்பி பலவற்றில் செம்பு பூசிய இரும்பு, அது ஹெச்எஃப்பில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தின்னும்.

எதை வாங்கினாலும் மேல்முனைக் கனெக்டரைத் தண்ணீர் புகாமல் சுற்றுங்கள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன்மேல் சாதா டேப். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவு தொங்கவிடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். எல்எம்ஆர் வகையில் உள்ளே நுரை, தண்ணீர் புகுந்தால் அதோடு முடிந்தது. நான் இப்போது போடுவது என்-டைப் கனெக்டர் (என்னுடையது என்ற அர்த்தத்தில் அல்ல, அதன் பெயரே 'என்'), மழைக்கு அது தேவலை.

அந்தப் புயல் வருஷம் ஜூனிலேயே எல்எம்ஆர்-400 வாங்கிவிட்டேன். அளந்ததில் 50-க்கு 36 வந்தது. 2021-ல் புவனேஸ்வரிலிருந்து நாக்பூருக்கு லாரியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது அந்தக் கேபிள்தான். ரேடியோவை நடுவில் ஒருமுறை மாற்றிவிட்டேன், கேபிளை மாற்றவில்லை. பழைய ஆர்ஜி-58 பால்கனியில் துணிக்கொடியாக இருக்கிறது. தங்கமணி முதல்முறையாக என் பொழுதுபோக்கில் ஒரு பயனைக் கண்டுபிடித்திருக்கிறார்.

நேற்று ராத்திரி தென்காசித் தம்பி மறுபடி போன் செய்தார். வீட்டு ஓனரிடம் பேசி, ரேடியோவை மாடிப்படி பக்கத்து ஸ்டோர் ரூமில் வைக்க அனுமதி வாங்கிவிட்டாராம். டேப் பிடித்து அளந்து பார்த்திருக்கிறார்.

"பதினோரு மீட்டர் சார். வளைவுக்கும் சேர்த்து."

ஆர்ஜி-213-ல் அது ஒரு டெசிபல்கூட முழுசாக வராது. 25 வாட்ஸே வாங்குங்கள், கடைக்குப் போகும்போது கையில் ஒரு பிளேடு எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.